என் மனைவியின் சாயம்

நானும் என் மனைவியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறோம். ஜார்ஜ் டவுனில் இருக்கும் தனியார் ஆய்வுக்கூடம் அது. மருத்துவமனைகளில் நோயாளிகளின் உடலிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குகள் எங்களிடம் வரும். அவற்றை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயமேற்றி டாக்டரின் மேசைக்கு அனுப்புவோம். டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதுவார். எங்கள் வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் கிளம்பி ஃபெர்ரி ஏறுவோம். மாலையில் அதே மாதிரி திரும்புவோம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் தனித்தனியாக வேலைக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மனைவியின் மேல் நான் பொறாமைப்பட்டேன். அவள் வேறொரு ஆணிடம் சிரித்துப் பேசி, அதனால் வந்த பொறாமை என்றால் கேட்பவர்களுக்குப் புரியும். எங்கள் டாக்டரோ ஓய்வு பெறும் வயதை நெருங்கிய சீனப் பெண்மணி. நான் பொறாமைப்பட்டது என் மனைவியின் கைவேலையைப் பார்த்து. அவள் ஏற்றிய சாயத்தைப் பார்த்து.

அந்த ஆய்வுக்கூடத்தில் நான்தான் மூத்தவன். அவள் எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தாள். மெழுகுக் கட்டியைச் சீவும் கருவிக்கு மைக்ரோடோம் என்று பெயர். அதில் என் கைக்கு நிகராக யாரும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சீவச் சீவ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி மெழுகுத் தகடு வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். பிறகு சாயம். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும் வழக்கமான சாயம்தான். அதில் என்னுடைய இளஞ்சிவப்புக்கு ஒரு தெளிவு இருக்கும். ஸ்லைடில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமலேயே இது நான் செய்தது என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அதைச் சொல்லியும் இருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் இரண்டு தடவை சொல்வேன். அவளும் இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

அப்புறம் புது மிஷின் வந்தது. செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் நிறமாகக் காட்டும் சாயங்களைப் போடுகிற மிஷின். அதற்குக் கோலாலம்பூரில் இரண்டு வாரப் பயிற்சி. மூத்தவன் என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். பட்டனைத் தட்டினால் தானாக ஓடும் மிஷினுக்கு நான் எதற்கு, அவளை அனுப்புங்கள் என்றேன். பெருந்தன்மை மாதிரி இருந்தது. உண்மையில், பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும், சின்ன வயதுக்காரர்கள் நடுவில் கேள்வி கேட்டு விழிக்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான். அவள் போனாள். என் பொறாமையில் எனக்கு இன்றைக்கும் தாங்காத பகுதி இதுதான். அவள் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள் ஆறு மாதத்தில் வேறு ஆளாகிவிட்டாள். புரோஸ்டேட் பயாப்சிகளில்தான் அவளுடைய வேலை அதிகம் தேவைப்பட்டது. வயதான ஆண்களுக்கு அந்தச் சுரப்பியில் ஊசி குத்தி, பத்துப் பன்னிரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் உடைந்த சேமியா மாதிரி இருக்கும். அதற்குள் நாலைந்து சின்னச் சுரப்பிகள் மட்டும் சந்தேகமாக இருந்தால் டாக்டருக்குத் தலைவலி. நல்ல சுரப்பி என்றால் அதைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு வரிசை செல்கள் வேலி போட்டதுபோல் இருக்கும். புற்றுநோய்ச் சுரப்பிக்கு அந்த வேலி கிடையாது. என் நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் அந்த வேலி பல சமயம் கண்ணுக்குத் தட்டுப்படாது. அவளிடம் இருந்த ஒரு சாயம் வேலியைப் பழுப்பாகக் காட்டும். இன்னொன்று, புற்றுநோய்ச் செல்லில் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைச் சிவப்பாகக் காட்டும்.

முதலில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு சாயம் என்றுதான் போட்டார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு புதுச் சீவல் வேண்டும். இரண்டாவது சீவலுக்குப் போவதற்குள் அந்த நாலைந்து சுரப்பிகள் தீர்ந்துபோயிருக்கும். பழுப்பு ஒரு இடத்தைக் காட்டும், சிவப்பு வேறு இடத்தைக் காட்டும். இரண்டு சாயத்தையும் ஒரே ஸ்லைடில் போட்டால் என்ன என்று டாக்டர் கேட்டார். வெளிநாட்டில் செய்கிறார்களாம். எங்கள் மிஷினில், எங்களிடம் இருக்கும் மருந்தில் அதைச் சரியாகக் கொண்டுவர வேண்டும். என் மனைவி அதில் இறங்கினாள்.

எத்தனை வாரம் என்று நினைவில்லை. சிவப்பு பரவிப் பழுப்பை மூடிவிடும். பழுப்பு சரியாக வந்தால் சிவப்பு வெளிறிவிடும். எந்த மருந்து முதலில், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஃபெர்ரியில் நிற்கும்போதும் அதே பேச்சு. நான் கடலைப் பார்த்துக்கொண்டு ம் கொட்டுவேன். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தினேன்.

டாக்டரின் அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படியான நுண்ணோக்கி ஒன்று உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். உள்ளே ஒரு சின்ன அம்புக்குறி தெரியும். டாக்டர் அதை நகர்த்தி இங்கே பார், அங்கே பார் என்று காட்டுவார். அத்தனை வருடத்தில் நான் அந்த இன்னொரு நாற்காலியில் நாலு தடவை உட்கார்ந்திருப்பேன். அவள் தினமும் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மைக்ரோடோமில் சீவிக்கொண்டே பார்ப்பேன். இருவரும் குனிந்திருப்பார்கள். டாக்டர் ஏதோ சொல்ல, அவள் முகத்தை எடுக்காமலே சிரிப்பாள். என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நான் சீவிய சீவலைத்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு நாள் அது சரியாக வந்துவிட்டது. பழுப்பு வேலியும் சிவப்புச் செல்லும் ஒரே கண்ணாடியில், பக்கத்துப் பக்கத்தில். டாக்டர் தன் செலவில் எல்லோருக்கும் பகல் சாப்பாடு பெலாஞ்சா பண்ணினார். சூலியா தெருவிலிருந்து சோறும் கறியுமாக நாசி கண்டார் வந்தது. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய், வேலை நிறைய இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புரோஸ்டேட் துணுக்கைச் சீவும்போது, தேவையான சீவலை எடுத்தது போக மீதி ரிப்பனைக் குப்பையில் போட மாட்டேன். அடுத்த இரண்டு சீவல்களை, சதை எளிதில் கழன்றுவிடாதபடி ஒட்டுப் பூச்சுப் பூசிய ஸ்லைடில் ஏந்தி, பென்சிலால் எண் போட்டு, சாயமேற்றாமல் என் டிராயரில் வைப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என்றாவது ஒரு நாள் டாக்டர் தவித்துக்கொண்டு நிற்கும்போது எடுத்து நீட்டலாம் என்று ஒரு ஆசை. மூன்று மாதம் கழித்துப் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை அடுக்குவேன். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவருடைய பயாப்சி வந்தது. யார், என்ன வேலை என்று எதுவும் தெரியாது. எண்ணும் வயதும் மட்டும்தான். ஒரே ஒரு துணுக்கின் ஓரத்தில் நாலு சுரப்பிகள் சந்தேகமாக இருந்தன. என் ஸ்லைடில் அவை தெரிந்தன. டாக்டர் இரட்டைச் சாயம் கேட்டார். நான் அந்த மெழுகுக் கட்டியை மறுபடி சீவிக் கொடுத்தேன். மனைவி சாயமேற்றினாள். அதில் அந்தச் சுரப்பிகள் இல்லை. இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார்கள். வெறும் தசைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் எங்கள் பகுதிக்கே வந்தார். இனிச் சீவிப் பயனில்லை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும் என்று எழுதிவிடுவதாகச் சொன்னார். அந்த மனிதர் திரும்பவும் குத்திக்கொள்ள வேண்டும். அதுவும் அந்தச் சின்ன இடத்தில் ஊசி மறுபடி படும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திங்கட்கிழமை வரைக்கும் ரிப்போர்ட்டை அனுப்பாமல் வைத்திருக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். டாக்டர் சரி என்றார்.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் முழங்காலுக்கு நேராக அந்த டிராயர். அதில் அந்தத் துணுக்கின் அடுத்த இரண்டு சீவல்கள், என் கையால் எண் எழுதியவை, இருந்தன. இந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை வருடமாகச் சேர்த்து வைத்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அவளுடைய சாயம் ஒரு தடவையாவது தோற்கட்டும் என்று நினைத்தேன். என்ன நினைக்கிறேன் என்று தெரிந்தே நினைத்தேன்.

அன்று மாலை எனக்கு மனசு லேசாக இருந்தது. ஃபெர்ரிக்குப் போகும் வழியில் மோட்டாரை நிறுத்தி, வடையும் வெள்ளரியும் கலந்து குழம்பு ஊற்றித் தரும், அவளுக்குப் பிடித்த பாசெம்போர் வாங்கிக் கொடுத்தேன். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும், எல்லாம் நம் கையில் இல்லை என்று ஆறுதல் சொன்னேன். பல மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவ்வளவு பிரியமாகப் பேசினேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வாசலில் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வழி இருக்கிறது என்றாள். அந்த நாலு சுரப்பிகள் இருப்பது என் பழைய ஸ்லைடு ஒன்றில்தான். அதன் மேல்கண்ணாடியைக் கழற்றி, என் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் கழுவி எடுத்துவிட்டு, அதே சதையின் மேல் அவளுடைய இரட்டைச் சாயத்தைப் போடலாம். சில இடங்களில் அப்படிச் செய்கிறார்களாம். ஆனால் கெட்டுப்போனால் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். அதனால் டாக்டர் தயங்குகிறார்.

"அது பூச்சு இல்லாத கண்ணாடி," என்றாள். "மிஷின்ல கொதிக்க வைக்கும்போது சதை நிக்குமா? நீங்கதானே ஏந்துனீங்க. நீங்க நிக்கும்னு சொன்னா நாளைக்குச் செய்றேன்."

நான் துணியில் கையைத் துடைத்தேன். நிற்காது என்பது எனக்குத் தெரியும். பூச்சில்லாத கண்ணாடியில் அவ்வளவு சின்னத் துணுக்கு அந்தச் சூட்டில் கழன்று மிதந்துவிடும்.

"நிக்காது," என்றேன்.

அது பொய்யில்லை. உண்மையைச் சொல்லியே நான் ஜெயித்துவிட்டேன். டிராயரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் வேண்டியதில்லை. ரிப்போர்ட் போய்விடும், இந்த விஷயம் முடிந்துவிடும், என் மேல் ஒரு தூசும் ஒட்டாது.

அவள் நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். "நல்ல வேளை உங்ககிட்ட கேட்டேன்," என்றாள். "இல்லன்னா அந்த ஆளோட ஸ்லைட நானே நாசமாக்கியிருப்பேன்." ரிப்போர்ட்டை அனுப்பிவிடலாம் என்று டாக்டருக்கு மெசேஜ் எழுத ஃபோனை எடுத்தாள்.

அவள் திட்டியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் நன்றி சொன்னது என்னால் தாங்க முடியவில்லை.

"அனுப்பாத," என்றேன். "என் டிராயர்ல ரெண்டு இருக்கு. அதே ரிப்பன்ல அடுத்த ரெண்டு. பூச்சு உள்ள கண்ணாடிதான்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. எப்படி வந்தது என்று கேட்டாள். என் பழக்கத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அந்த மலர்ச்சி நின்றது.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டர் வந்து நின்னப்பவும்?"

"ம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள், எதைச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை.

மறுநாள் ஃபெர்ரியில் அவள் மோட்டார் பக்கத்தில் நிற்காமல் மேல்தட்டுக்கு ஏறிப்போய்விட்டாள். ஆய்வுக்கூடத்தில் நான் டிராயரைத் திறந்து இரண்டு ஸ்லைடையும் எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அவள் எண்ணைச் சரிபார்த்தாள். ஒன்றை மட்டும் மிஷினில் வைத்தாள். மற்றதை எதற்கும் இருக்கட்டும் என்று தனியாக வைத்தாள். எல்லாம் வேலை முறைப்படி, யாரோ ஒருவரிடம் நடந்துகொள்வதுபோல்.

மத்தியானம் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். அந்த இன்னொரு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னாள் என் மனைவி. அவள் சுவரோரம் நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய நல்ல சுரப்பி ஒன்று, சுற்றிலும் பழுப்பு வேலி, பென்சிலால் கோடு இழுத்ததுபோல். அதற்குப் பக்கத்தில் அந்த நாலு சின்னச் சுரப்பிகள். நாலும் நல்ல சிவப்பு. எதைச் சுற்றியும் பழுப்பு இல்லை. அம்புக்குறி ஒவ்வொன்றாகப் போய் நின்றது. டாக்டர் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரிந்தது. புற்றுநோய்தான்.

அந்தச் சாயம் அழகாக இருந்தது. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதை நான் செய்யவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் என்னை மிகவும் பாராட்டினார். யாரும் சொல்லாமலே இத்தனை வருடம் எடுத்து வைத்திருக்கிறாயே, இது உன் மூளை என்றார். இனிமேல் ஒவ்வொரு புரோஸ்டேட் துணுக்குக்கும் பூச்சுள்ள ஸ்லைடில் இரண்டு சீவல் எடுத்து வைப்பதை விதியாகவே ஆக்கிவிடலாம் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை என் வாய் ஏன் திறக்கவில்லை என்று அவர் கேட்டால், அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். டாக்டர் கேட்கவும் செய்தார். முன்பே நினைவு வரவில்லையா என்று.

"மறந்துட்டாரு டாக்டர்," என்றாள் என் மனைவி.

என்னைக் காப்பாற்றிவிட்டாள். அதற்காகவும் அவள் மேல் எரிச்சல் வந்தது. மன்னிக்கிற இடத்திலும் அவளே நின்றாள்.

பத்து நாள் போல வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கும், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே என் மனைவி தானாகச் சொன்னாள். நான் மறைத்ததுகூடப் பரவாயில்லையாம். ஆத்திரத்தில் யாரும் செய்வதுதான். "அன்னைக்குப் பாசெம்போர் வாங்கிக் கொடுத்தீங்களே," என்றாள். "அதைத்தான்லா என்னால மறக்க முடியல. நான் தோத்துட்டேன்னு சந்தோஷத்துல வாங்குனதா அது?"

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாசி கண்டார் நாளையும், நுண்ணோக்கியில் அவள் சிரித்ததையும், கோலாலம்பூருக்கு அவளை அனுப்பியது பயத்தால்தான் என்பதையும். அவள் கடைசி விஷயத்தைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். நான் அவளுக்காக விட்டுக் கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். ஒவ்வொரு தடவை அந்தச் சாயம் சரியாக வராதபோதும், எனக்குக் கிடைக்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வீணாக்குகிறோமே என்று பதறினாளாம். ஃபெர்ரியில் ஓயாமல் அதையே பேசியது, எனக்குக் கணக்குச் சொல்வதாக நினைத்துத்தானாம். நான் ம் கொட்டுவதை நிறுத்தியபோது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

மூன்று நான்கு மாதம் கழித்து அந்த மனிதரின் புரோஸ்டேட் முழுதாக அறுவை செய்யப்பட்டு எங்களிடமே வந்தது. பழைய பயாப்சியின் எண்ணும் அதே வயதும் தாளில் இருந்தன. நான்தான் சீவினேன். பயாப்சியில் தெரிந்ததைவிட அதிக இடத்தில் இருந்தது. ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை என்று டாக்டர் எழுதினார். நல்ல நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்காததுபோல் கருவியின் கத்தியை மாற்றினேன். அன்று வேலையை மெதுவாகத்தான் முடித்தேன்.

இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர். என் விடுப்புத் தாளில் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். போன வருடம் நான் அந்த மிஷினைக் கற்றுக்கொண்டேன். நான் முதலில் போட்ட இரட்டைச் சாயத்தில் ஸ்லைடு முழுக்கப் பழுப்பு அப்பிக் கிடந்தது. அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி செய்யுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். மற்றவர்கள் முன்னால்தான் கொடுத்தாள். செய்தேன். நாலாவது தடவை சுமாராக வந்தது. அவளுடையது மாதிரி வரவில்லை, இன்னும் வரவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவளுடைய ஸ்லைடுகள் தட்டில் வரிசையாகக் காயும்போது அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற நாட்கள் இன்றும் உண்டு. அப்படி ஒரு நாள் மாலையில் மோட்டாரை எடுக்கும்போது, இன்றைக்கு உன்னைப் பார்க்க வயிறு எரிந்தது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஸ்லைடு?" என்று கேட்டாள்.

சொன்னேன். அது அவளுக்கே திருப்தியில்லாத ஸ்லைடாம், சிவப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டதாம். ஃபெர்ரி வரும் வரைக்கும் அதைப் பற்றியே பேசினாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.